ஓ.டி. என்றால் ஆபரேஷன் தியேட்டர் மட்டும்தானா?

வாசகர் கேள்வி – பதில்

இரண்டு இதழ்களுக்கு முன்னால் பக்கவாத நோயாளிகளுக்கான வீட்டுப் பயிற்சி பற்றி எழுதியபோது, நான் ஒரு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (எங்கள் துறையைச் சுருக்கமாக ஓ.டி. என்போம்) என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். பயிற்சி பற்றி வந்த கடிதங்களைவிட அந்த ஒரு வரிக்கு வந்தவைதான் அதிகம். அதிலும் பாதிக்கு மேல் எம்.ஓ.டி. பற்றி (பி.ஓ.டி. இந்தத் துறையின் இளநிலைப் பட்டம், எம்.ஓ.டி. முதுநிலைப் பட்டம்). ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

மகன் பி.ஓ.டி. முடித்து இப்போது எம்.ஓ.டி. சேர்ந்திருக்கிறான். யாரிடம் சொன்னாலும் "ஆபரேஷன் தியேட்டரிலா வேலை?" என்கிறார்கள். எப்படி விளக்குவது? – வாசகி, கும்பகோணம்

என் மாமியாரே இன்னும் அக்கம்பக்கத்தில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார் அம்மா, நானும் திருத்துவதை விட்டுவிட்டேன். கேட்பவர்களிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். பக்கவாதம் வந்த தாத்தாவுக்குக் காலில் பலம் வரவைத்து நடக்க வைப்பது பிசியோ. நடந்து குளியலறை வரை போய்விட்டார், சரி, அப்புறம்? ஒற்றைக் கையால் சொம்பைப் பிடிக்க வேண்டும், சட்டைப் பட்டன் போட வேண்டும், வேட்டி கட்ட வேண்டும். அந்த இடத்திலிருந்துதான் எங்கள் வேலை. ஒட்டிக்கொள்ளும் வேட்டி என்று இப்போது கடைகளில் விற்கிறார்களே, இடுப்பில் நிற்காத இளைஞர்களுக்காக வந்தது, எங்கள் நோயாளிகள் எத்தனையோ பேருக்கு அது மானத்தைக் காப்பாற்றியிருக்கிறது. இவ்வளவு சொல்லியும் புரியவில்லை என்றால் "ஆமாம், தியேட்டர்தான்" என்று சொல்லிவிட்டுக் காபி கொடுங்கள்.

பி.எஸ்சி. சைக்காலஜி முடித்திருக்கிறேன். ஆட்டிசம் உள்ள குழந்தைகளோடு வேலை செய்ய ஆசை. நேராக எம்.ஓ.டி. சேரலாமா? அமெரிக்காவில் எந்த டிகிரி முடித்தவரும் சேரலாம் என்கிறாள் தோழி. இங்கே கல்லூரியில் கேட்டால் முடியவே முடியாது என்கிறார்கள். – வாசகி, மதுரை

இரண்டு பேர் சொல்வதும் சரி. மாஸ்டர்ஸ் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு படிப்புகள் ஓடுகின்றன, குழப்பம் அதனால்தான். ஒன்று, தெரபிஸ்ட் அல்லாதவரைத் தெரபிஸ்ட் ஆக்குவது. இன்னொன்று, ஏற்கெனவே தெரபிஸ்ட்டாக இருப்பவரை ஒரு துறையில் ஆழமாக இறக்குவது. எந்தக் கல்லூரிக்கும் பணம் கட்டுவதற்கு முன்னால் இது எந்த வகை என்று கேட்டுவிடுங்கள். கேட்காமல் சேர்ந்துவிட்டுத் தவித்தவர்களை எனக்குத் தெரியும், அதனால்தான் இந்தப் பக்கம் முழுக்க இதையே திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன்.

இந்தியாவில் எம்.ஓ.டி. இரண்டாவது வகை. பி.ஓ.டி. முடித்தவருக்கு மட்டும்தான். பி.ஓ.டி. என்பது இதுவரை நான்கு வருடப் படிப்பும் ஆறு மாத இன்டர்ன்ஷிப்பும், அதன்மேல் எம்.ஓ.டி. இரண்டு வருடம். 2021இல் துணை மருத்துவப் படிப்புகளுக்கான தேசிய ஆணையச் சட்டம் வந்த பிறகு பாடத்திட்டங்கள் மாறிவருகின்றன, ஆகவே நீங்கள் சேரும் வருடத்து விதி என்ன என்று கல்லூரியில் எழுத்தாகவே வாங்கிக்கொள்ளுங்கள்.

அமெரிக்கா, கனடாவில் கதை வேறு. அங்கே தெரபிஸ்ட் ஆவதற்கான நுழைவுப் படிப்பே மாஸ்டர்ஸ்தான். அமெரிக்காவில் 2007இலிருந்து வெறும் இளநிலைப் படிப்பை வைத்துக்கொண்டு யாரும் புதிதாகத் தெரபிஸ்ட் ஆக முடியாது. சைக்காலஜி முடித்தவர்கள் அங்கே நிறையவே சேர்கிறார்கள். உடற்கூறியல், உடலியங்கியல், புள்ளியியல் மாதிரி சில பாடங்களைப் பெரும்பாலும் முன்கூட்டியே படித்திருக்க வேண்டும், பிறகு கடைசிக் கட்டத்தில் மருத்துவமனையிலோ பள்ளியிலோ குறைந்தது 24 வாரம் முழுநேரக் களப்பயிற்சி. பிரிட்டனில் இதற்கு ப்ரீ-ரிஜிஸ்ட்ரேஷன் எம்.எஸ்சி. என்று பெயர், பெரும்பாலும் இரண்டு வருடம். ஆஸ்திரேலியாவிலும் பட்டதாரிகள் நேராகச் சேரும் இரண்டு வருட மாஸ்டர்ஸ் உண்டு.

அவ்வளவு பணம் கையில் இல்லை என்றால் (எத்தனை பேரிடம் இருக்கிறது!) இங்கே பி.ஓ.டி.யை முதல் வருடத்திலிருந்து படிக்க வேண்டும், அதற்குப் பிளஸ் டூவில் உயிரியல் எடுத்திருக்க வேண்டும். இல்லையென்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த சிறப்புக் கல்வி பி.எட். பாருங்கள், அதிலும் இதே குழந்தைகளோடுதான் இருப்பீர்கள். முடிவெடுப்பதற்கு முன்னால் ஏதாவது ஒரு மையத்தில் அனுமதி வாங்கி இரண்டு வாரம் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். ஊஞ்சலில் குப்புறப் படுத்தபடி தரையில் கிடக்கும் பந்தை எடுத்துக் கூடையில் போடும் குழந்தையைப் பார்த்தால் விளையாடுகிறது என்றுதான் தோன்றும். அந்த ஊஞ்சல் எவ்வளவு உயரம், எந்தப் பக்கம் ஆட வேண்டும், பந்து எத்தனை அடி தள்ளி இருக்க வேண்டும் என்று தெரபிஸ்ட் கணக்குப் போட்டு வைத்திருப்பார். அதை முப்பது தடவை பார்த்தும் சலிக்கவில்லை என்றால் உங்களுக்கு இந்த வேலை சரிப்படும்.

இன்டர்ன்ஷிப் முடியப் போகிறது. உடனே எம்.ஓ.டி. போகலாமா, வேலைக்குப் போகலாமா? எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு? – மாணவி, ஈரோடு

ஒரு வருடமாவது வேலைக்குப் போங்கள். வீட்டில் "படிப்பு விட்டுப்போகும், கல்யாணம் வந்துவிடும்" என்பார்கள், அந்தப் பயம் நியாயம்தான், அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டே சொல்கிறேன். பிரிவு தேர்ந்தெடுப்பதுதான் எம்.ஓ.டி.யில் முக்கியமான முடிவு. நரம்பியல், எலும்பு – கை சிகிச்சை, குழந்தைகள், மனநலம் என்று கல்லூரிக்குக் கல்லூரி பிரிவுகள் மாறும், எல்லாக் கல்லூரியிலும் எல்லாம் கிடைக்காது. இன்டர்ன்ஷிப்பில் எல்லா இடத்திலும் ஒரு மாதம் எட்டிப் பார்த்ததை வைத்து இதை முடிவு செய்ய முடியாது.

நான் கை சிகிச்சைப் பக்கம் போனதே ஒரு ஸ்ப்ளின்ட்டால், அதாவது கையை அசையாமல் பிடித்துவைக்கும் பிளாஸ்டிக் தாங்கியால். அப்போது வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம். விசைத்தறியில் கை மாட்டிக்கொண்ட ஒருவர், விரல் நரம்பு தைத்து அனுப்பியிருந்தார்கள். (ஊரில் நரம்பு என்றுதான் சொல்வோம், உண்மையில் அது தசைநாண்.) ஸ்ப்ளின்ட் ஷீட்டை 70 டிகிரி வாக்கில் இருக்கும் வெந்நீரில் போட்டால் அப்பளம் நனைந்த மாதிரி துவண்டுவிடும். எடுத்துத் துண்டில் ஒற்றி, நம் கையில் வைத்துச் சூடு பார்த்து, நோயாளியின் கைமேல் போர்த்தி வடிவம் கொண்டுவர மூன்று, நான்கு நிமிடம்தான் கிடைக்கும், அதற்குள் இறுகிவிடும். நான் அவசரத்தில் அழகாகத்தான் செய்தேன், பார்த்தவர்கள் பாராட்டினார்கள். மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கம் ஒரு எலும்பு துருத்திக்கொண்டு இருக்குமே, அந்த இடத்தைச் சற்றுக் குமிழாக விட வேண்டும் என்பதை மறந்துவிட்டேன். அரை மணி நேரம் போட்டுவைத்துக் கழற்றி, சிவந்திருக்கிறதா, அந்தச் சிவப்பு இருபது நிமிடத்தில் மறைகிறதா என்று பார்த்த பிறகுதான் வீட்டுக்கு அனுப்ப வேண்டும், அதையும் செய்யவில்லை. மறுநாள் அந்த எலும்புமேல் தோல் உரிந்து வந்து நின்றார். கோபப்படவில்லை, "உங்களுக்கும் புதுசுதானே" என்றார். அது இன்னும் மோசமாக இருந்தது. அந்த ராத்திரிதான் கை சிகிச்சையை ஒழுங்காகப் படித்தே தீருவது என்று முடிவு செய்தேன். உங்களுக்கும் அப்படி ஒரு நோயாளி கிடைக்கட்டும், அதற்குத்தான் அந்த ஒரு வருடம்.

(வேலைக்குப் போகிறீர்கள், ஆகவே இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்: ஸ்ப்ளின்ட்டை வெயிலில் நிற்கும் வண்டிக்குள் வைக்க வேண்டாம் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லி அனுப்புங்கள். சித்திரை வெயிலில் கார் டேஷ்போர்டில் வைத்தால் நீங்கள் ஒரு மணி நேரம் செய்தது தோசைக்கரண்டி மாதிரி தட்டையாகத் திரும்பி வரும்.)

கல்லூரி என்றால் தமிழ்நாட்டில் காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம்., கோவை கே.எம்.சி.எச். உட்படச் சில இடங்களில் எம்.ஓ.டி. இருக்கிறது. வெளியே போகத் தயார் என்றால் மும்பையைப் பாருங்கள். இந்தியாவில் இந்தப் படிப்பு தொடங்கியதே அங்கேதான், 1950இல் கே.இ.எம். மருத்துவமனையில், கமலா நிம்ப்கர் என்ற அமெரிக்காவில் பிறந்த பெண்மணியின் முயற்சியில். ஒடிசாவில் கட்டக் பக்கம் ஓலட்பூரிலும் கொல்கத்தாவிலும் மத்திய அரசின் தேசிய நிறுவனங்கள் இருக்கின்றன. இடங்கள் குறைவு, நுழைவுத் தேர்வு உண்டு, கட்டணம் தனியாரைவிட எவ்வளவோ பரவாயில்லை. அந்த ஊர் மொழி வராதே என்று தயங்க வேண்டாம், நோயாளியிடம் பேசிப் பேசியே மூன்று மாதத்தில் வந்துவிடும். கல்லூரி கட்டடத்தைப் பார்க்காதீர்கள், அதோடு சேர்ந்த மருத்துவமனையில் ஒரு நாளைக்கு ஓ.டி. பகுதிக்கு எத்தனை நோயாளி வருகிறார்கள் என்று காலை பத்து மணிக்குப் போய் நின்று எண்ணிப் பாருங்கள்.

மகள் பி.ஓ.டி. இறுதியாண்டு. அமெரிக்காவில் எம்.எஸ். படித்தால் அங்கேயே வேலை என்று ஒரு ஏஜென்சியில் சொல்கிறார்கள். வீட்டை அடமானம் வைக்கலாமா? – தந்தை, நாகர்கோவில்

பொறுங்கள் ஐயா. பத்திரத்தை வெளியே எடுப்பதற்கு முன்னால் மேலே மதுரை வாசகிக்குச் சொன்ன கேள்வியை அந்த ஏஜென்சியிடம் கேளுங்கள்: இது நுழைவுப் படிப்பா, தெரபிஸ்ட்டுகளுக்கான மேற்படிப்பா? முதல் வகை என்றால் ஏ.சி.ஓ.டி.இ. என்ற அமைப்பின் அங்கீகாரம் இருக்கும், முடித்ததும் என்.பி.சி.ஓ.டி. (அங்கே தெரபிஸ்ட்டுகளுக்குச் சான்று தரும் வாரியம்) நடத்தும் தேர்வு எழுதலாம். ஆனால் மகள் நாலரை வருடம் படித்ததை மறுபடியும் முதலிலிருந்து, பல பத்து லட்சம் கொடுத்துப் படிப்பார். இரண்டாவது வகை என்றால் அந்தப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு தேர்வு எழுதிவிட முடியாது. வெளிநாட்டில் தெரபி படித்தவர் என்ற முறையில் என்.பி.சி.ஓ.டி.யே அவருடைய மொத்தப் படிப்பையும் தனியாகப் பரிசீலிக்கும். அதில் படிப்பு மாஸ்டர்ஸ் தரத்துக்கு ஈடாக இருக்க வேண்டும், படித்த கல்லூரி உலக ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் கூட்டமைப்பின் அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும்.

இதனால்தான் பலர் இங்கேயே எம்.ஓ.டி. முடித்துவிட்டு அந்தப் பரிசீலனைக்கு விண்ணப்பிக்கிறார்கள். செலவு ஒப்பிடவே முடியாத அளவு குறைவு. தேர்வு நான்கு மணி நேரம், 300 முதல் 600 வரை போகும் மதிப்பெண்ணில் 450 எடுக்க வேண்டும். இதோடு ஆங்கிலத் தேர்வு, மாநில லைசென்ஸ், விசாவுக்கு முன் படிப்பையும் தகுதியையும் சரிபார்த்துத் தரும் விசாஸ்க்ரீன் சான்றிதழ் என்று நீளும், அவசரக்காரர்களுக்கு இது ஒத்துவராது. பிரிட்டன் போக நினைத்தால் மாஸ்டர்ஸே கட்டாயம் இல்லை. பி.ஓ.டி.யை வைத்தே எச்.சி.பி.சி. என்ற அந்நாட்டுப் பதிவு அமைப்பில் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம்.

இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று. மகளின் கல்லூரி உலகக் கூட்டமைப்பின் பட்டியலில் இருக்கிறதா, அவர் படித்த வருடங்களுக்கு அந்த அங்கீகாரம் செல்லுபடியாகுமா என்று பாருங்கள். கூட்டமைப்பின் விதிப்படி குறைந்தது 1,000 மணி நேரக் களப்பயிற்சி வேண்டும். எங்கே எத்தனை மணி நேரம் என்ற கையெழுத்திட்ட கணக்கைக் கல்லூரியை விட்டு வெளியே வருவதற்கு முன்பே வாங்கச் சொல்லுங்கள். பத்து வருடம் கழித்துப் போய்க் கேட்டால் அந்த அலுவலக அறையில் உங்களைத் தெரிந்தவர் யாரும் இருக்க மாட்டார்கள்.

வயது 36. பத்து வருடமாகக் குழந்தைகள் மையத்தில் வேலை. இப்போது எம்.ஓ.டி. சேர ஆசை, தீசிஸை நினைத்தால்தான் கலக்கம். ஒரு தலைப்பும் சொல்லுங்களேன். – வாசகி, திருப்பூர்

தீசிஸுக்குப் பயப்பட வேண்டியதுதான், ஆனால் எழுதுவதற்கு இல்லை. ஆள் கிடைக்காது, அதற்குத்தான் பயப்பட வேண்டும். நான் பக்கவாத நோயாளிகள் முப்பது பேரை வைத்து, ஒவ்வொருவருக்கும் பன்னிரண்டு வாரம் என்று ஜம்பமாகச் சினாப்சிஸ் (ஆய்வுத் திட்டச் சுருக்கம்) எழுதினேன். கைடும் கையெழுத்துப் போட்டுவிட்டார். டிஸ்சார்ஜ் ஆகி ஊருக்குப் போனவர் வாரம் மூன்று நாள் இரண்டு பஸ் மாறி வருவாரா என்று நானும் யோசிக்கவில்லை, கைடும் கேட்கவில்லை. நடுவில் தீபாவளி வந்தது, அதன்பின் அறுவடை வந்தது, மிஞ்சியது பத்தொன்பது பேர். ஆறு மாதம் நீட்டித்து, மறுபடி கட்டணம் கட்டித்தான் முடித்தேன்.

நீங்கள் அந்த விஷயத்தில் கொடுத்துவைத்தவர், உங்கள் மையத்துக்குக் குழந்தைகள் தாமாகவே வருகிறார்கள். தலைப்பைச் சின்னதாக வையுங்கள். நெறிமுறைக் குழு அனுமதியை முதல் வருடத்திலேயே வாங்கிவிடுங்கள். சிகிச்சை கொடுத்து ஒப்பிடும் ஆய்வு என்றால், முதல் குழந்தையைச் சேர்ப்பதற்கு முன்பே சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்துவிட வேண்டும், பிறகு பதிய முடியாது.

தலைப்பும் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு ரொம்ப நாளாக ஒரு ஆசை, நீங்கள் செய்தால் சந்தோஷப்படுவேன். நாம் பயன்படுத்தும் கையெழுத்து மதிப்பீடுகளில் பெரும்பாலானவை ஆங்கில எழுத்துக்காகச் செய்தவை. நம் குழந்தைகள் எழுதுவது வளைவும் சுழியுமாக. இரண்டு சுழி ன எழுதிவிடும் குழந்தை மூன்று சுழி ண வரும்போது ஏன் பென்சிலை நிறுத்திவிட்டு விரலை உதறுகிறது? உங்கள் மையத்தில் அப்படி உதறும் குழந்தைகள் எத்தனை பேர் என்று இந்த வாரமே எண்ணி எழுதுங்கள், மேற்கொண்டு பேசுவோம்.