வரலாறு இல்லாத மண்ணா?

அன்புள்ள ஐயா,
மகன் வீட்டுக்கு நேப்பர்வில் வந்திருக்கிறேன். சிகாகோவுக்கு மேற்கே, டூபேஜ் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி). ஓர் ஊர் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. ஒரே மாதிரி வீடுகள், ஒரே சமதரை. வரலாறே இல்லாத மண். மகன் வீடு வாங்கப் பார்க்கிறான். நேப்பர்வில்லா, வீட்டனா? நீங்கள் அங்கே தங்கியிருந்தவர், சொல்லுங்கள்.
ச.

அன்புள்ள அம்மா,

வீட்டை மகனும் மருமகளும் பார்த்துக்கொள்வார்கள். வரி, பள்ளிக்கூடம், ரயில் நிலையம் எல்லாம் அவர்களுக்குத் தெரியும். நீங்கள் தலையிடாமல் இருந்தாலே பெரிய உபகாரம். ஊர் எல்லை தெரியவில்லையா? குரோம்பேட்டை எங்கே முடிகிறது என்று யாருக்குத் தெரியும்!

ஆனால் 'வரலாறே இல்லாத மண்' என்று எழுதினீர்களே, அதற்குத்தான் கோபம் வந்தது. இதே பேச்சை அங்கிருந்து திரும்புகிற எல்லாப் பெற்றோரிடமும் கேட்டுச் சலித்துவிட்டேன். அங்கே இருந்த பூர்வகுடிகளான பொட்டவாட்டமி மக்களிடம் 1833இல் ஒப்பந்தம் எழுதி வாங்கி, மிசிசிப்பி ஆற்றுக்கு அப்பால் அனுப்பிவிட்டு வளர்த்த ஊர்கள் அம்மா அவை.

அதிலும் நீங்கள் கேட்ட இரண்டு ஊரும் அடித்துக்கொண்ட ஊர்கள். 1839இல் கவுண்டி உருவானபோது தலைமையிடம் நேப்பர்வில். 1849இல் ரயில் வந்தது, வீட்டன் வழியாக. வீட்டன் சகோதரர்கள் தண்டவாளத்துக்கு நிலம் கொடுத்திருந்தார்கள். ரயில் வந்த ஊருக்குத் தெம்பும் வந்துவிட்டது. 1867இல் தலைமையிடம் எது என்று வாக்கெடுப்பு. சொற்ப வித்தியாசத்தில் வீட்டன் ஜெயித்தது. நேப்பர்வில்காரர்கள் ஆவணங்களைத் தரமாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். மறு வருடம் ஜூலையில் ஓர் இரவு, வீட்டன்காரர்கள் நீதிமன்றத்துக்குள் புகுந்து பதிவேடுகளை வண்டியில் அள்ளிப்போட்டார்கள். ஊர் விழித்துக்கொள்ளவே, கிடைத்ததோடு ஓட்டம். மிச்சத்தைப் பத்திரமாக இருக்கட்டும் என்று சிகாகோவுக்கு அனுப்பினார்கள். 1871 பெருந்தீயில் அது சாம்பல். உங்கள் மகன் டூபேஜ் கவுண்டிக்குள் எந்த ஊரில் வாங்கினாலும் பத்திரம் பதிவாவது வீட்டனில்தான். இது வரலாறு இல்லையென்றால் வேறு எது? கோபுரமும் கல்வெட்டும் இருந்தால்தான் ஒத்துக்கொள்வீர்களோ?

ஒரே மாதிரி வீடு என்றீர்கள். அப்படி ஒரு வீட்டில்தான் நான் தங்கினேன். பக்கத்தில் வெஸ்டன் என்றொரு கிராமம் இருந்தது. 1966இல் அணுத்துகள் ஆய்வகத்துக்கு அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். நமக்கு நல்ல காலம் என்று ஊர்த் தலைவர்கள் வரவேற்றார்கள். கடைசியில் ஊரையே வாங்கி எடுத்துக்கொண்டார்கள். அதுதான் ஃபெர்மிலேப். வீடுகளை மட்டும் விட்டுவைத்து, வந்துபோகும் ஆய்வாளர்களைக் குடிவைத்தார்கள். மைத்துனர் அங்கே வேலையாக வந்திருந்தார். அந்தச் சமையலறை இழுப்பறை மூடாது. இடுப்பால் ஒரு இடி இடிக்க வேண்டும். எந்த வெஸ்டன்காரி அப்படிப் பழக்கினாளோ என்று என் மனைவி தினமும் திட்டுவாள்.

அப்புறம், சமதரை என்ற குறை. பிளாக்வெல் வனக்காப்பகத்தில் மவுண்ட் ஹாய் என்று ஒரு குன்று இருக்கிறது. குப்பையைக் கொட்டி மண் மூடிக் கட்டியது. பனிக்காலத்தில் பிள்ளைகள் அதில் சறுக்குவார்கள். பேரனை அனுப்புங்கள். உங்கள் மூட்டுக்கு அது ஆகாது, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கீழே நில்லுங்கள்.