கூலி வேலையைப் பங்கிடலாம். அதிகாரத்தைப் பங்கிடக் கூடாது

கேள்வி: யாழ்ப்பாணம் கொக்குவிலில் எனக்குச் சீதனமாகத் தந்த மாடிவீடு ஒன்று இருக்கிறது. கீழ்வீட்டில் ஒரு குடும்பமும் மேல்மாடியில் பல்கலைக்கழக மாணவர்களும் வாடகைக்கு இருக்கிறார்கள். நான் கணவருடன் கனடாவில் வசிக்கிறேன். வீட்டைப் பராமரித்து வாடகை சேர்த்துத் தந்த நிறுவனம் வாடகையில் பத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு, ஒழுகும் குழாயைக்கூடத் திருத்தாமல் விட்டதால் அதை நிறுத்திவிட்டேன். இனிப் பக்கத்து வளவுத் தம்பி, ஒரு மேசன், ஒரு பிளம்பர் என்று ஊரவர்களுக்கே தேவைப்படும்போது வேலை கொடுத்து, அந்தந்த வேலைக்குக் கூலி அனுப்ப நினைக்கிறேன். இதில் சட்டச் சிக்கல் வருமா?

பதில்: வேலைக்கு வேலை கூலி கொடுப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. கிணறு இறைப்பதற்கும் ஓடு மாற்றுவதற்கும் வளவு துப்புரவாக்குவதற்கும் நீங்கள் வேறு வேறு ஆட்களைப் பிடிக்கலாம். ஆனால் அந்த நிறுவனம் உங்களுக்காக இரண்டு வகையான காரியங்களைச் செய்து வந்தது. ஒன்று கை வேலை. மற்றது உங்கள் பெயரால் வாடகை வாங்குவது, பற்றுச்சீட்டுக் கொடுப்பது, திறப்பை வைத்திருப்பது, வாடகைக்காரருடன் உடன்படிக்கை செய்வது, அவரை வெளியேறக் கேட்பது. முதலாவதை எத்தனை பேருக்கும் பிரித்துக் கொடுக்கலாம். இரண்டாவதை ஒருவரிடம், அதுவும் எழுத்தில்தான் ஒப்படைக்க வேண்டும்.

இதற்கான காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். முதல்வர் (தன் சார்பில் செயற்பட ஒருவரை நியமிப்பவர்), முகவர் (அவ்வாறு நியமிக்கப்படுபவர்) தொடர்பான விடயங்களில் 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் குடியியல் சட்டக் கட்டளைச் சட்டத்தின்படி நமது நீதிமன்றங்கள் ஆங்கிலச் சட்டத்தையே பின்பற்றுகின்றன. அந்தச் சட்டப்படி, ஒருவருக்கு அதிகாரம் இருக்கிறது என்று மற்றவர்கள் நம்பும்படி நீங்கள் நடந்துகொண்டால், உண்மையில் நீங்கள் அந்த அதிகாரத்தைக் கொடுக்காவிட்டாலும் அவருடைய செயல் உங்களைக் கட்டுப்படுத்தும். பக்கத்து வளவுத் தம்பி நான்கைந்து மாதம் மாணவர்களிடம் வாடகையைக் கையில் வாங்கி, அதை நீங்களும் பேசாமல் ஏற்றுக்கொண்டு வந்தீர்களானால், ஆறாவது மாதப் பணம் உங்களிடம் வந்து சேராதபோது அதை மாணவர்களிடம் திரும்பக் கேட்பது மிகக் கடினம். ஆகவே வாடகை உங்கள் வங்கிக் கணக்குக்கு நேரே வரட்டும். வேறு எவரிடமும் கொடுக்க வேண்டாம் என்று வாடகைக்காரர் ஒவ்வொருவருக்கும் எழுத்தில் அறிவியுங்கள்.

உடன்படிக்கை விடயத்திலும் கவனம் வேண்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு (உறுதிகளை எழுதி அத்தாட்சிப்படுத்தும் சட்டத்தரணி) முன்னிலையிலும் இரண்டு சாட்சிகள் முன்னிலையிலும் ஒப்பமிடப்பட்டால்தான் வலுவுடையதாகும். ஊரில் இருக்கும் உதவியாளர் ஒருவர் வெறும் தாளில் எழுதி வாங்கும் ஒரு வருட ஒப்பந்தம் அந்த ஒரு வருடத்துக்கு உங்களைக் காப்பாற்றாது. எனவே உங்கள் நம்பிக்கைக்குரிய உறவினர் ஒருவருக்கு, இந்த ஆதனத்துக்கென்று மட்டும், குறித்த சில அதிகாரங்களை வழங்கும் விசேட அற்றோணித் தத்துவம் (உங்கள் சார்பில் செயற்பட அதிகாரமளிக்கும் பத்திரம்) எழுதிக் கொடுப்பதே முறையாகும். அங்குள்ள இலங்கைத் தூதரகப் பணிமனை வழியாக அதை உரிய முறையில் அத்தாட்சிப்படுத்தி, இங்கே பதிவு செய்விக்க வேண்டும். விற்பதற்கும் ஈடுவைப்பதற்குமான அதிகாரத்தை அதில் சேர்க்க வேண்டாம். ஊரில் நடந்த பல காணி மோசடிகளுக்கு அகன்ற அதிகாரங்களைக் கொடுத்த பொது அற்றோணித் தத்துவங்களே வழிசெய்தன.

வீடு உங்கள் சீதனம் என்பதால் இன்னொன்றும் உண்டு. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், உயிருடனிருக்கையில் தன் அசையா ஆதனத்தைக் கையாளுவதற்கு 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் கணவரின் எழுத்துமூலச் சம்மதத்தைக் கேட்கிறது. இந்த ஏற்பாடு இன்றைய காலத்துக்கு நீதியானதல்ல என்பதே என் உறுதியான கருத்து. ஆனாலும் சட்டத்தில் இருக்கும்வரை அதைக் கடந்து போக முடியாது. அற்றோணித் தத்துவத்திலும் குத்தகையிலும் உங்கள் கணவரும் சம்மத ஒப்பமிடட்டும்.

எந்த உதவியாளரும் செய்யக் கூடாத காரியம் ஒன்று இருக்கிறது. வாடகை தராதவரின் அறைக்குப் பூட்டுப் போடுவதும் மின்சாரத்தைத் துண்டிப்பதும் பொருள்களை முற்றத்தில் வைப்பதும் அவருடைய வேலையல்ல. 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க முதனிலை நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் வழக்கு வந்தால், நீதிமன்றம் அமைதியைக் காக்கும் நோக்கில் அந்த இடத்தைத் தன் ஆட்சியில் வைத்திருந்தவர் யாரென்றே பார்க்கும். காணி உறுதி யாருடையது என்பதை அங்கே தீர்ப்பதில்லை. வழக்குக்கு முந்திய இரண்டு மாதங்களுக்குள் வெளியேற்றப்பட்டவரைத் திரும்ப உள்ளே விடும்படி அது கட்டளையிடலாம். வெளியேற்றம் சட்டத்தரணியின் அறிவித்தலிலிருந்து தொடங்கி மாவட்ட நீதிமன்றம் வழியாகவே நடக்க வேண்டும்.

இனிக் கூலியாட்கள். தன் கருவிகளுடன் வந்து, பேசிய வேலையைத் தன் முறைப்படி முடித்துப் பணம் பெற்றுப் போகும் மேசனும் பிளம்பரும் சுயாதீன ஒப்பந்தக்காரர்கள். ஆனால் அந்தத் தம்பி நாள்தோறும் குறித்த நேரத்துக்கு வந்து, நீங்கள் தொலைபேசியில் சொல்லும் முறைப்படியே வேலை செய்து, மாதந்தோறும் ஒரே தொகையைப் பெறத் தொடங்கினால், அவரை நீங்கள் என்ன பெயரிட்டு அழைத்தாலும் அவர் ஊழியராகக் கருதப்படலாம். ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரின் 8 சதவீதமும் தொழில்வழங்குநரின் 12 சதவீதமும், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குத் தொழில்வழங்குநரின் 3 சதவீதமும் செலுத்தும் கடப்பாடு தற்காலிக ஊழியருக்கும் துண்டுக்கூலி பெறுவோருக்கும் உரியது. இந்தப் பணத்தை ஏழை இளைஞர் ஒருவரிடமிருந்து மிச்சம்பிடிப்பதற்காக யாரும் இந்த வழியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. ஒவ்வொரு வேலைக்கும் முன்னரே வேலையின் அளவையும் கூலியையும் குறுஞ்செய்தியிலாவது எழுதிக்கொண்டு, முடிந்த பின் படமும் பற்றுச்சீட்டும் பெற்று வங்கி வழியாகப் பணம் அனுப்புங்கள்.

விபத்துப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. எனினும் சொல்ல வேண்டும். சுயாதீன ஒப்பந்தக்காரருடைய கவலையீனத்துக்குப் பொதுவாக நீங்கள் பொறுப்பல்ல. உங்கள் கவலையீனத்துக்கு இலங்கையின் பொதுச் சட்டமான உரோம டச்சுச் சட்டப்படி நீங்களே பொறுப்பு. கிணற்றுக்கட்டு உடைந்திருப்பதையோ மோட்டர் வயர் கசிவதையோ அறிந்திருந்தும் சொல்லாமல் ஒருவரை இறக்கினால் நட்டஈடு கேட்டு வழக்கு வரலாம். கிணறு இறைப்பவரைத் தனியாக இறங்க விடாதிருப்பது உயிர் சம்பந்தப்பட்டது. அதேபோல, ஐப்பசி, கார்த்திகை மழையில் வளவில் நீர் தேங்கி நுளம்பு பெருகினால் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்கு வரலாம் என்பதால், மழைக்கு முன்னரே துப்புரவுப் பணியை ஒருவரிடம் ஒப்படையுங்கள். சோலைவரியையும் (உள்ளூராட்சி சபைக்குக் கட்டும் ஆதனவரி) வாடகை வருமானத்துக்கான வரியையும் அற்றோணி அதிகாரம் பெற்றவர் காலத்துக்குக் கட்டி வரட்டும்.

இவற்றுக்கெல்லாம் முன்பாக, நீங்கள் நிறுத்திய நிறுவனத்திடமிருந்து முற்பணக் கணக்கையும் மூல உடன்படிக்கைகளையும் எல்லாத் திறப்புகளையும் எழுத்தில் ஒப்புக்கொண்டு பெறுங்கள். அதன் அதிகாரம் முடிந்துவிட்டது என்று வாடகைக்காரருக்குப் பதிவுத்தபாலில் அறிவியுங்கள். அறிவிக்காத வரையில், அந்த நிறுவனத்திடம் அவர்கள் நல்லெண்ணத்தோடு கொடுக்கும் வாடகை உங்களிடமே கொடுத்ததாகக் கொள்ளப்படக்கூடும்.