நாலு பேருக்குத் தேடினால் டிக்கெட் விலை ஏறுவது ஏன்?

கேள்வி: விமான டிக்கெட் ஒருவருக்குத் தேடினால் 100 என்றால், நால்வருக்குத் தேடும்போது தலைக்கு 130 காட்டுகிறது. திரும்பத் திரும்பத் தேடியதால் ஏறிவிட்டது, இன்றே பணம் கட்டுங்கள் என்கிறார் ஏஜென்ட். காத்திருந்தால் குறையுமா?

பதில்: தேடியதால் ஏறவில்லை. எகானமி வகுப்புக்குள்ளேயே பத்துப் பன்னிரண்டு விலைப்படிகள் இருக்கும். படிக்கு ஓர் எழுத்து, இத்தனை சீட் என்று ஒரு கணக்கு. 100 படியில் மூன்றே சீட் மிச்சமிருந்தால், பெரும்பாலான சிஸ்டங்கள் நால்வரையும் சேர்த்து 130-க்குத் தூக்கிவிடும். 'மூன்று பேருக்கு மலிவாக இருக்கிறது' என்று ஒரு வரி காட்டினால் என்ன குறைந்துவிடும்? காட்டாது.

ஆகவே 1, 2, 3 என்று ஏற்றிக்கொண்டே தேடுங்கள். விலை எங்கே தாவுகிறதோ அங்கே பிரியுங்கள். மூன்று சீட் ஒரு புக்கிங், நாலாவது தனி. 520 ஆவது 430-இல் முடியும்.

குழந்தைகள் இருந்தால் கவனம். தனியாகப் பிரிக்கும் சீட் பெரியவருடையதாகவே இருக்க வேண்டும். பெரியவர் இருவர், குழந்தைகள் இருவர் என்றால், ஒரு பெரியவரோடு இரு குழந்தைகள், மற்றவர் தனி. குழந்தையைத் தனி புக்கிங்கில் போட்டால் சிஸ்டம் பெரும்பாலும் ஏற்காது. ஏற்கவைக்க வயதைக் கூட்டிப் போட்டால் செக்-இன்னில் மாட்டுவீர்கள். விமானம் ரத்தானால் இரண்டு புக்கிங்கும் வெவ்வேறு விமானத்துக்குப் போகலாம். டிக்கெட் எடுத்தவுடன் விமான நிறுவனத்தை அழைத்து, இரண்டும் ஒரே குடும்பம் என்று குறிப்பு போடச் சொல்லுங்கள். அதுவும் உத்தரவாதமில்லை.

காத்திருக்கலாமா? காலி சீட்டைக் கடைசியில் மலிவாகத் தள்ளிவிடுவார்கள் என்று நம்பாதீர்கள். 1972-இல் பிரிட்டிஷ் விமான நிறுவனமான பிஓஏசி-யில் இருந்த கென் லிட்டில்வுட் சொன்ன கணக்கு இது: கடைசி நேரத்தில் 200 கொடுப்பவர் வர 60 சதவீத வாய்ப்பு என்றால், அந்த சீட்டின் மதிப்பு 120. இன்று 100 நீட்டும் உங்களுக்கு அதைத் தரமாட்டார்கள். தேவை மந்தமானால் மலிவுப் படி மறுபடி திறப்பதுண்டு. தேதி மாற்ற முடியாதவர் அதை நம்பி உட்காரக் கூடாது.

ஏஜென்ட் அனுப்பும் ஆறெழுத்து பிஎன்ஆர், அதாவது புக்கிங் குறியீடு, டிக்கெட் அல்ல. உங்களிடம் பணம் வாங்கிக்கொண்டு, விமான நிறுவனத்துக்குக் கட்டாமல், சீட்டை 'ஹோல்டில்' மட்டும் பிடித்து வைத்திருப்பவர்கள் உண்டு. கெடு முடிந்ததும் அது தானாக விழுந்துவிடும், பிறகு 'விலை ஏறிடுச்சு, வித்தியாசம் அனுப்புங்க' என்பார்கள். பணம் கட்டிய அன்றே 13 இலக்க டிக்கெட் எண்ணைக் கேளுங்கள். முதல் மூன்று இலக்கம் விமான நிறுவனத்தின் குறியீடு. சில மலிவு நிறுவனங்கள் இந்த எண் தருவதில்லை. அங்கே அவர்களுடைய தளத்திலேயே பிஎன்ஆரைப் போட்டு, பணம் செலுத்தி உறுதியானதாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். ஏஜென்ட் அனுப்பும் பிடிஎஃப் எதற்கும் சாட்சி அல்ல.