கார்பீன் நொடிகூட நிற்காது என்கிறார்களே, அதை வைத்து எப்படி ஒரு சேர்மத்தைத் தொகுக்க முடியும்?

ராமநாதபுரம் கடலோரத்தில் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். என் மாணவர்களும் இதைக் கேட்பார்கள். அவர்களிடம் சூடை மீனைத்தான் சொல்வேன். கரைக்கு வந்ததும் சட்டிக்குப் போய்விட வேண்டும், வைத்திருந்து சமைக்கிற மீன் இல்லை அது. இந்த மாதிரி கார்பீனையும் யாரும் புட்டியில் அடைத்து வைப்பதில்லை. எதோடு சேர வேண்டுமோ அது காத்திருக்கும் குடுவைக்குள்ளேயே அதைப் பிறக்க வைக்கிறோம்.

கார்பீனில் கார்பனுக்கு இரண்டே பிணைப்பு, வெளிக்கூட்டில் ஆறே எலக்ட்ரான். பக்கத்தில் ஓர் இரட்டைப் பிணைப்பு கிடைத்தால் உடனே பற்றிக்கொண்டு மூன்று கார்பன் வளையமாகிவிடும். பிளஸ் டூவில் கார்பைலமீன் வினையும் ரீமர்-டீமன் வினையும் படித்திருப்பீர்கள். இரண்டிலும் வேலை செய்வது இரண்டு குளோரின் கொண்ட டைகுளோரோகார்பீன்தான். குளோரோஃபார்மிலிருந்து காரம் ஒரு புரோட்டானைப் பிடுங்கும், மிஞ்சும் அயனி ஒரு குளோரைடை விட்டதும் கார்பீன்.

1954இல் டோரிங், ஹாஃப்மன் என்ற வேதியியலாளர்கள் இதை இரட்டைப் பிணைப்புள்ள சைக்ளோஹெக்சீனோடு சேர்த்தார்கள். அவர்கள் எடுத்த காரம் பொட்டாசியம் டெர்ட்-பியூட்டாக்சைடு, ஈரமே ஆகாது. எங்கள் ஊர்க் காற்றில் சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகளே திறந்து வைத்த கொஞ்ச நேரத்தில் கசிந்துவிடும். இங்கே பியூட்டாக்சைடோடு மல்லுக்கட்ட முடியாது.

அதனால்தான் 1969இல் போலந்து வேதியியலாளர் மகோஷா காட்டிய வழி எனக்கு அவ்வளவு பிடிக்கும். 50 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல், குளோரோஃபார்ம், ஆல்கீன் (இரட்டைப் பிணைப்புள்ள சேர்மம்), அப்புறம் சிறிதளவு நாலிணைய அம்மோனியம் உப்பு. நன்றாக வேகமாகக் கலக்க வேண்டும், அவ்வளவுதான். தண்ணீர் பட்டால் கார்பீன் வீணாகிவிடுமே என்பீர்கள். சரிதான், ஆனால் இங்கே காரம் தண்ணீர்ப் பக்கமே நின்றுவிடுகிறது. இரண்டு திரவங்களும் தொடும் இடத்தில் உருவாகும் டிரைகுளோரோமீத்தைல் அயனியை அம்மோனியம் உப்பு குளோரோஃபார்முக்குள் கூட்டிப்போகிறது. குளோரைடு கழல்வது அங்கே போன பிறகுதான். கார்பீன் கண் திறக்கும்போது எதிரில் இருப்பது தண்ணீர் இல்லை, ஆல்கீன். வகுப்பில் இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்கு உற்சாகம் வந்துவிடும்.

குளோரின் இல்லாத வளையம் வேண்டுமென்றால் 1958இல் வந்த சிம்மன்ஸ்-ஸ்மித் முறை இருக்கிறது: டையயோடோமீத்தேனும் துத்தநாக-செம்பு இணையும். அதில் கார்பீன் தனியாக வெளியே வருவதே இல்லை, துத்தநாகத்தின் பிடியில் இருந்தபடியே வினை முடிந்துவிடும். கார்பீன் தரும், ஆனால் வெடிக்கக்கூடிய டையசோமீத்தேனைத் தொட வேண்டியதில்லை.

குளோரோஃபார்ம் வழியைச் செய்து பார்க்கப் போகிறீர்கள் என்றால், புகைபோக்கி அறைக்குள்ளேயே செய்யுங்கள். முடிந்ததும் அந்தக் குடுவையில் பழக்கதோஷத்தில் அசிட்டோனை ஊற்றிவிடாதீர்கள். காரம் மிச்சமிருந்தால் குளோரோஃபார்மும் அசிட்டோனும் சேர்ந்து கொதித்துச் சிதறும்.