கறை வேறு, சொத்தை வேறு

தர்மபுரிக்காரரே, உங்கள் பழுப்புப் பல்லை ஆபீஸில் கிண்டல் செய்ததால் பல் டாக்டரிடமே போகக் கூசினீர்கள், ஒரு வருடமாக வலித்த கடைவாய்ப் பல்லுக்கு இப்போது ரூட் கேனாலும் கேப்பும் பன்னிரண்டாயிரம் என்கிறார்கள், பிடுங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அந்தக் கிண்டல். "உங்க ஊர்ல பல்லே விளக்க மாட்டீங்களா" என்பவருக்கு ஃபுளோரோசிஸ் என்றால் என்னவென்று தெரியாது. ஈறுக்குள் பல் உருவாகும் வயதில், ஏறக்குறைய எட்டு வயதுக்குள், ஃபுளோரைடு மிகுந்த போர் தண்ணீரைக் குடித்ததால் விழுந்த கறை அது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான் வரம்பு. உங்கள் பக்கத்துக் கிணறுகள் பல அதைத் தாண்டியவை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். எலுமிச்சை, கரித்தூள் போட்டுத் தேய்த்தால் எனாமல்தான் தேயும், கறை போகாது.

வலி சொத்தையால். அது ஆரம்பத்தில் ஒரு ஃபில்லிங்கோடு முடிந்திருக்கும், சரி, போகட்டும். பிடுங்குவது இன்றைக்கு மலிவு. அப்புறம் பக்கத்துப் பல் அந்த இடைவெளியில் சாயும், எதிர்ப்பல் இறங்கும், தாடை எலும்பில் பொருத்தும் செயற்கைப் பல்லான இம்ப்ளான்ட் வைக்கப் போனால் இதைவிடப் பல மடங்கு கேட்பார்கள். காப்பாற்ற முடிகிற பல் என்றால் காப்பாற்றுங்கள்.

சென்னையில்தானே இருக்கிறீர்கள்? பாரிமுனைப் பக்கம் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எக்ஸ்ரேயோடு காலையிலேயே ஓபி சீட்டு வாங்கிவிடுங்கள். பலமுறை அலைய வேண்டியிருக்கும், ஆனால் செலவு வெகுவாகக் குறையும். கன்னம் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ மட்டும் காத்திருக்காமல் அன்றே போய்விடுங்கள்.