டொரான்டோவில் ஒரு குரோட்டன்

கேள்வி: டொரான்டோவில் இருக்கும் என் மகள் கோடையில் ஒரு குரோட்டன் வாங்கினாள். பால்கனியில் சிவப்பும் மஞ்சளுமாக நன்றாக இருந்தது. குளிர் வந்ததும் உள்ளே கொண்டுவந்து ஹீட்டர் பக்கத்தில் வைத்தாள். தினமும் தண்ணீர் ஊற்றுகிறாள். ஆனாலும் இலை எல்லாம் கொட்டிவிட்டது. வீடியோ காலில் பார்த்தால் வெறும் குச்சிதான் நிற்கிறது. தூக்கிப் போட்டுவிடலாமா?
– ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: அவசரப்படாதீர்கள் அம்மா. இடம் மாறினாலே இலையைக் கொட்டுகிற செடி அது. உங்கள் மொட்டைமாடியில் இருப்பதைக் கூடத்துக்குள் கொண்டுவந்தால்கூடக் கோபித்துக்கொள்ளும். பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது. நுனி காய்ந்திருந்தால் இன்னும் கீழே சுரண்டலாம். கசிகிற பால் சிலருக்கு அரிக்கும், கையைக் கழுவிவிட வேண்டும்.

எனக்கு உறுத்துவது அந்தத் தினசரித் தண்ணீர்தான். நமக்கு மார்கழியிலும் 11 மணி நேரத்துக்கு மேல் பகல். அங்கே டிசம்பர் கடைசியில் சுமார் 9 மணி நேரம், அதுவும் சாய்ந்த வெயில். இலையே இல்லாத செடி எவ்வளவு தண்ணீர் குடிக்கும்? ஈர மண்ணில் வேர் அழுகத்தான் செய்யும். குளிரில் செத்ததாகச் சொல்லப்படும் செடிகளில் பாதி, பாசத்தோடு ஊற்றிய தண்ணீரில் செத்தவை என்பது என் கட்சி. மண்ணில் இரண்டு விரற்கடை ஆழம் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். தட்டில் தேங்குவதை உடனே கொட்டிவிட வேண்டும். மார்ச் வரை உரம் கூடாது.

அப்புறம் அந்த ஹீட்டர். காசிமேட்டுக் கடல்காற்றின் பிசுபிசுப்பில் செழிக்கும் ஜாதிக்கு அந்த வறண்ட காற்று ஆகாது, சிவப்புச் சிலந்திப் பூச்சியும் சேரும். தெற்கு பார்த்த ஜன்னலோரம் வைக்கட்டும். குளிர்காலத்தில் அங்கே வெயில் அந்தப் பக்கம்தான். கண்ணாடியில் செடி படாமல் இருந்தால் சரி, அறை 15 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது. துளிர்த்ததும் இலையின் அடியில் நூலாம்படை தெரிகிறதா என்று பார்த்து, தெரிந்தால் ஷவரில் கழுவிவிடலாம். புது இலை பச்சையாகவே வந்தால் கவலை வேண்டாம், வெளிச்சம் கூடினால் நிறம் வரும். அடுத்த வருடம் செப்டம்பரிலேயே, இரவுக் குளிர் 13 டிகிரியைத் தொடும் முன் உள்ளே எடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: தீபாவளிக்கு அப்புறம் என் வண்ண இலைக் கலேடியம் செடி ஒவ்வோர் இலையாகச் சாய்ந்து தொட்டியே காலியாகிவிட்டது. என்ன நோய்?
– ஒரு வாசகர், ராயபுரம்

பதில்: நோயில்லை ஐயா, தூக்கம். கிழங்கு மண்ணுக்குள் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழை விழுந்தால் அழுகிவிடும், மாடிப்படிக்கு அடியில் தள்ளி வையுங்கள். பங்குனி வரை தண்ணீர் வேண்டாம். தோண்டி எடுத்து வைப்பதானால் சமையலறைப் பக்கம் வேண்டாம். சேப்பங்கிழங்கு என்று யாராவது குழம்பில் போட்டால் நாக்கும் தொண்டையும் எரிந்து வீங்கிவிடும்.