வாசகர் கேள்வி – பதில்: கடலில் எண்ணெய் பரவினால் யாரிடம் யோசனை கேட்பது?

2010-இல் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு வெடித்தபோது பொதுமக்களிடம் யோசனை கேட்டதாக எங்கள் பேராசிரியர் கூறினார். அவற்றில் ஏதேனும் பயன்பட்டதா?
– கல்லூரி மாணவி, நாகர்கோவில்

பயன்பட்டவை உண்டு, ஆனால் வந்து குவிந்தவற்றோடு ஒப்பிட்டால் மிகச் சில. 2010 ஏப்ரல் 20 அன்று இரவு, லூசியானா கரையிலிருந்து ஏறத்தாழ 66 கிலோமீட்டர் தொலைவில் இருந்த 'டீப்வாட்டர் ஹொரைசன்' துளைமேடை வெடித்து 11 தொழிலாளர்கள் உயிரிழந்தனர். இரண்டு நாளில் மேடை மூழ்கியது. சுமார் 1,500 மீட்டர் ஆழத்தில் இருந்த மக்கோண்டோ கிணற்றிலிருந்து, ஜூலை 15 அன்று அதன் வாய் மூடப்படும் வரை எண்ணெய் பீறிட்டுக்கொண்டே இருந்தது. கிணற்றை நடத்திய பி.பி. நிறுவனம் தொலைபேசியிலும் இணையத்திலும் யோசனைகளை வரவேற்றது. 1,20,000-க்கும் மேற்பட்டவை வந்தன. அமெரிக்கக் கடலோரக் காவல் படை ஜூன் மாதம் தனியே தொடங்கிய மதிப்பீட்டுத் திட்டத்துக்கு ஏறத்தாழ 4,000 வந்தன. சோதனை வரை சென்றவை மிகக் குறைவு.

தேறியவற்றுள் ஒன்று, சாதாரணச் சரக்குத் தோணியை எண்ணெய் அள்ளும் கலமாக மாற்றிய 'பிக் கல்ப்'. நடிகர் கெவின் காஸ்ட்னர் பல ஆண்டுகள் பணம் போட்டு வளர்த்த, எண்ணெயையும் நீரையும் சுழற்றிப் பிரிக்கும் இயந்திரம் இன்னொன்று, பி.பி. அதில் 32 இயந்திரங்களுக்கு ஒப்பந்தம் செய்தது. இவ்விரண்டின் பின்னேயும் முன்பே சேர்ந்த உழைப்போ அனுபவமோ இருந்தது. காஸ்ட்னர் இத்தொழில்நுட்பத்தில் இறங்கியது, 1989-இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டீஸ் கப்பல் தரைதட்டி எண்ணெய் கொட்டிய பிறகு. 'பிக் கல்ப்' வளைகுடாக் கரையில் தோணிகளோடு புழங்கியவர்களின் கைவேலை.

வெட்டிய தலைமுடி எண்ணெயை உறிஞ்சும் என்று படித்தேன். என் கடையில் தினமும் மூட்டை மூட்டையாகச் சேர்கிறது. எங்கேனும் அனுப்பலாமா?
– முடிதிருத்தகம் நடத்துபவர், தஞ்சாவூர்

தங்கள் எண்ணத்தை மதிக்கிறேன், ஆயினும் கடலுக்கு அது உதவாது என்பதே என் பதில். முடி எண்ணெயைப் பற்றிக்கொள்ளும் என்பது உண்மை. அதைக் கண்டு இந்த யோசனையை முன்வைத்தவரும் அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த ஒரு முடிதிருத்துநர்தான். எக்ஸான் வால்டீஸ் விபத்தில் எண்ணெய் படிந்த நீர்நாயின் ரோமத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது அவருக்கு இது தோன்றியது. 2010-இல் அமெரிக்காவெங்கும் முடி சேகரிக்கப்பட்டு, நைலான் காலுறைகளில் அடைத்து மிதவைத் தடுப்புகளாகக் கட்டப்பட்டது. ஆனால் அதே ஆண்டு பிப்ரவரியில், டெக்சாஸில் நேர்ந்த ஒரு கசிவின்போது செய்த ஒப்பீட்டில், கடையில் விற்கும் உறிஞ்சுத் தடுப்பே கூடுதல் எண்ணெயையும் மிகக் குறைந்த நீரையும் உறிஞ்சியது தெரிந்திருந்தது. முடித் தடுப்பு நீரில் ஊறி மூழ்கிவிடும். பிறகு அதுவே அகற்றவேண்டிய கழிவாகிவிடும். ஆகவே மீட்புப் பணியை நடத்தியவர்கள் அதை ஏற்கவில்லை.

அந்த முடிவு சரி. ஆனால் சோதனை முடிவு பிப்ரவரியிலேயே கையில் இருந்தும், முடி கிடங்குகளில் மலையாகச் சேர்ந்த பிறகு மறுத்தது எனக்கு வருத்தமளிக்கிறது. உதவ முன்வருபவரிடம் 'இது வேண்டாம், இன்ன காரணத்தால்' என்று முதல் நாளே சொல்வதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை.

பொதுமக்களின் யோசனைகளால் பயன் இல்லை என்றால், கேட்பதே வீண்தானே?
– ஓய்வுபெற்ற பொறியாளர், கோயம்புத்தூர்

வீண் என்று நான் நினைக்கவில்லை. குறை பதில் சொன்னவர்களிடம் இல்லை, கேட்ட முறையில் இருந்தது. 'என்ன செய்யலாம்?' என்று உலகத்தையே பார்த்துக் கேட்டால் பதில்களும் அப்படித்தான் அமையும். வந்தவற்றில் பெரும்பகுதி கிணற்றை அடைப்பது பற்றியவை. அந்த ஆழத்தில் உள்ள அழுத்தத்தையும் குளிரையும் அறியாமல் எழுதப்பட்டவை. பொறியாளர்களே அங்கே தடுமாறினர் என்பதை மறக்கக் கூடாது: மே மாதத் தொடக்கத்தில் கசிவின்மேல் இறக்கிய பிரம்மாண்டமான எஃகுக் கூடு, இயற்கை வாயுவும் குளிர்ந்த நீரும் சேர்ந்து உறைந்த பனி போன்ற பொருளால் அடைபட்டுத் தோற்றது.

இதற்கு மாறாக, அலாஸ்காவின் கார்டோவா நகரில் உள்ள எண்ணெய்க் கசிவு மீட்பு நிறுவனம், 2007-இல் ஒரே ஒரு குறிப்பான சிக்கலைப் பொதுவெளியில் வைத்தது: கடலிலிருந்து அள்ளிய எண்ணெய் குளிரில் கெட்டியாகித் தோணியை விட்டு வெளியேற மறுக்கிறது, அதை எப்படி இறைப்பது? இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த ஒரு வேதியியலாளர் விடை தந்தார். அவர் எண்ணெய்த் துறையைச் சேர்ந்தவர் அல்லர். கான்கிரீட் போடும்போது அது இறுகிவிடாமல் அதிர்வுக் கருவியால் இளக்கி வைப்பதைக் கண்டிருந்தவர், அதே கருவியை எண்ணெய்க்கும் பயன்படுத்தலாம் என்றார். பரிசு 20,000 டாலர். கேள்வி அவ்வளவு துல்லியமாக இருந்ததால்தான், தன்னிடம் இருப்பது அதற்கான விடை என்பதை வேறு துறையில் இருந்த ஒருவரால் அடையாளம் காண முடிந்தது.

மெக்சிகோ வளைகுடாவில் வெளியேறிய எண்ணெயில், ஸ்கிம்மர் எனும் எண்ணெய் அள்ளும் கருவி கொண்டு கடல்பரப்பிலிருந்து அள்ளப்பட்டது 3 விழுக்காடு மட்டுமே என அரசு பின்னர் கணக்கிட்டது. இதைக் குறிவைத்து, நன்கொடையாளர் வெண்டி ஷ்மிட் பெயரில், பரிசுப் போட்டிகள் நடத்தும் எக்ஸ் பிரைஸ் அமைப்பு 14 லட்சம் டாலர் பரிசுப் போட்டியை அறிவித்தது. நிபந்தனை தெளிவானது: நிமிடத்துக்கு 2,500 கேலன் எண்ணெயை அள்ள வேண்டும், அள்ளியதில் 70 விழுக்காடாவது எண்ணெயாக இருக்க வேண்டும். இறுதிக்கு வந்த பத்து அணிகளும் நியூ ஜெர்சியில் உள்ள ஓம்செட் சோதனைத் தொட்டியில், செயற்கை அலைகளுக்கு நடுவே, ஒரே அளவுகோலால் அளக்கப்பட்டன. 2011-இல் வென்ற எலாஸ்டெக் நிறுவனம் 4,670 கேலனை எட்டியது. அணிகளுள் ஒன்றில் பச்சை குத்தும் கலைஞர் ஒருவரும் இருந்தார்! துல்லியமான கேள்வியும் சோதித்துப் பார்க்க இடமும் இருந்தால் பொதுமக்களின் அறிவு பலன் தரும் என்று நான் நம்புவது இவற்றைக் கண்டுதான்.

எங்கள் கடலில் 2017-இலும், முகத்துவாரத்தில் 2023-இலும் எண்ணெய் பரவியது. எங்களிடம் யாரும் யோசனை கேட்கவில்லையே?
– மீனவர், எண்ணூர்

தங்கள் ஆதங்கம் முற்றிலும் நியாயமானது. 2017 ஜனவரியில் இரு கப்பல்கள் மோதியபோது வாளிகளால் எண்ணெய் அள்ளப்பட்டதை நாடே கண்டது. 2023 டிசம்பரில் புயல் மழைக்குப் பின் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தபோது, அதை அள்ளப் படகோடு இறங்கியவர்களும் தங்களைப் போன்ற மீனவர்களே. கைகளைப் பயன்படுத்திக்கொண்டவர்கள் அறிவையும் கேட்டிருக்க வேண்டும்.

மெக்சிகோ வளைகுடாவிலும் மீனவர்களின் படகுகள் கூலிக்கு அமர்த்தப்பட்டன. அதைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது, அலபாமாவின் மக்னோலியா ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூர் செய்தது. அவ்வூரின் தன்னார்வத் தீயணைப்புத் தலைவர் மேலிடத் திட்டத்துக்குக் காத்திராமல், தங்கள் நீர்நிலைக்குள் எண்ணெய் நுழையாதபடி தோணிகளை வரிசையாக நிறுத்தித் தடுக்கும் திட்டத்தை வகுத்தார். மிதவைத் தடுப்பை மட்டும் நம்பினால் அலை அதைத் தாண்டிவிடும் என்பது உள்ளூர்க்காரருக்குத் தெரிந்திருந்தது.

இந்தியாவில் கடல் எண்ணெய்க் கசிவுக்கான தேசியத் திட்டத்தைக் கடலோரக் காவல் படை நடத்துகிறது. வன்னி, தெண்டி என்று தாங்கள் பெயரிட்டு அறியும் நீரோட்டங்கள் எந்த மாதத்தில் எப்பக்கம் ஓடும், முகத்துவாரத்தில் ஓதம் ஏறும் நேரம் எது, இறாலும் நண்டும் வளரும் இடங்கள் எவை, தடுப்பை எங்கே கட்டினால் நிற்கும் என்பவற்றை ஊர்ப் பஞ்சாயத்தார் கூடி வரைபடமாக எழுதி, கடலோரக் காவல் படைக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் மீன்வளத் துறைக்கும் கையொப்பத்துடன் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டைத் தவறாமல் பெற்றுக்கொள்ளுங்கள். அடுத்த ஒத்திகையின்போது அந்த வரைபடத்தைக் கொண்டே தடுப்பைக் கட்டிக் காட்டுமாறு கோருங்கள்.